அச்சுத் துணியில் சாயம் நிலைக்க வேண்டுமானால்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய வட்டாரக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இப்பொழுது உங்கள் கைகளில் இரண்டு துணித்துண்டுகள் சுற்றி வந்துகொண்டிருக்கின்றன. இரண்டும் பருத்தி; இரண்டும் ஒரே தறியில் ஓடிய துணி. இரண்டிலும் சிவப்புத் தரையில் வெள்ளை மல்லிகை அச்சிடப்பட்டுள்ளது. அச்சிட்ட டிஜிட்டல் எந்திரமும் ஒன்றே. ஆயினும் ஒரு துண்டில் மல்லிகை வெள்ளையாக இருக்கிறது; மற்றதில் ரோஜாப் பூவைப் போல் சிவந்து கிடக்கிறது. ஒரே ஒரு முறை சலவைக்குப் போய் வந்ததால் நேர்ந்த வேறுபாடு இது. கடைசி வரிசை வரையில் இவை போய்ச் சேர வேண்டும். ஆகவே யாரும் மடித்து வைத்துக்கொள்ளாமல் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டுகிறோம்.

சாலை, குடிநீர், பள்ளிக் கட்டிடம் இவற்றைப் பற்றிப் பேச வேண்டிய வட்டார அலுவலர் சாயத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது. பருத்தித் துணியில் டிஜிட்டல் முறையில் அச்சிடும் தொழில் தொடங்கப் பரிந்துரை கோரி மூன்று குழுக்கள் மனு அளித்திருக்கின்றன. ஒரு குழு துணிப் பைகளில் அச்சிட எந்திரம் கேட்கிறது. இரண்டாவது குழு ஓடைக்கு அருகில் கொட்டகை அமைத்து, துணியை அச்சிட்டு, அங்கேயே அலசவும் விரும்புகிறது. மூன்றாவது குழு, அச்சிட்ட துணியை நகரத்தில் கூலிக்கு முடித்து வாங்கி வந்து, ஊரில் தைத்து விற்க எண்ணுகிறது. இம்மூன்றையும் பற்றி உங்கள் பஞ்சாயத்துகள் கருத்துக் கூறியாக வேண்டும். எந்திரத்தின் விலையை மட்டும் பார்த்துக் கருத்துக் கூறினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் ஒரு முறை பட்டு அறிந்திருக்கிறோம்.

அந்தக் கதையை மறைப்பதற்கில்லை. நமது வட்டாரத்து மகளிர் குழு ஒன்று குழந்தைகளுக்கான கவுன் தைத்து விற்க முன்வந்தது. நகரத்துக் கடைக்காரர் ஒருவர் முந்நூறு உருப்படிக்கு ஆர்டர் கொடுத்தார். துணியை அச்சிட்டுத் தர ஒரு பட்டறை ஒப்புக்கொண்டது. திட்ட அறிக்கையை நாங்கள்தான் சரி பார்த்தோம். துணி, அச்சுக் கூலி, நூல், பொத்தான், தையல் கூலி, வண்டி வாடகை எல்லாம் அதில் இருந்தன. அலசும் செலவு என்று ஒரு வரி இல்லை. அது இல்லை என்பது எங்களுக்குத் தோன்றவும் இல்லை. குறைந்த கூலி கேட்ட பட்டறையைக் குழு தேர்ந்தெடுத்தபோது சிக்கனம் என்று பாராட்டியும் வைத்தோம். கவுன்கள் விற்பனையாயின. பத்தாம் நாள் முதல் மூட்டை திரும்பி வந்தது. குழந்தையின் உள்சட்டையிலும் கூடவே துவைத்த வேட்டியிலும் சிவப்புக் கறை. கவுனில் இருந்த மல்லிகையோ, நீங்கள் பார்க்கும் ரோஜா நிறம். கடைக்காரர் பணம் தர மறுத்தார். அந்தப் பெண்கள் கடன் தவணையை நகையை அடகு வைத்துக் கட்டினார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, சண்டையிடாமல், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்திரம் புதிதுதானே ஐயா, பின்பு சாயம் ஏன் போயிற்று?" அதற்கு அன்று எங்களிடம் விடை இல்லை. இன்று சொல்லப் போவதெல்லாம் அந்த விடைதான்.

டிஜிட்டல் அச்சு என்பது என்ன? முன்பு மரக்கட்டையில் பூவைச் செதுக்கி, சாயத்தில் தோய்த்து, துணியில் ஒற்றினார்கள். பின்பு சல்லடை போன்ற ஸ்கிரீன் வந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன் செய்து, சாயக் கூழை அதன் வழியே தேய்த்து இறக்கினார்கள். இப்பொழுது கணினியில் வரைந்த படத்தை எந்திரம் நேராகவே துணியின்மேல் நுண்ணிய மைத் துளிகளாகத் தெளித்துவிடுகிறது. ஸ்கிரீன் செய்யும் செலவு இல்லை. ஐந்து மீட்டர் வேண்டுமானால் ஐந்து மீட்டர் மட்டும் அச்சிடலாம். எத்தனை நிறமானாலும் கவலை இல்லை. சிறு குழுக்களுக்கு இது உகந்ததாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் எந்திரம் செய்யும் வேலை, நிறத்தை வைக்க வேண்டிய இடத்தில் வைப்பது மட்டுமே. அந்த நிறத்தைத் துணியோடு பிணைப்பது எந்திரத்தின் வேலை அன்று. அச்சாகி வெளிவரும் துணியில் சாயம் இன்னும் பிடிக்கவே இல்லை; ஈரக் கையால் தொட்டால் விரலில் ஒட்டும்.

பருத்தியில் கெட்டியாக நிற்கும் அச்சுக்குப் பெரும்பாலும் பயன்படுவது ரியாக்டிவ் சாயம். இவ்வகைச் சாயம் 1956-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தால் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்பிருந்த நேரடிச் சாயங்கள் பஞ்சு இழையில் புகுந்து தங்கி நிற்பவை. துவைக்கத் துவைக்க வெளியேறும். ரியாக்டிவ் சாயமோ இழையோடு வேதியியல் முறையில் இணைந்து, இழையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. நாற்றை வயலில் போட்டு வைப்பதற்கும் அது வேர் பிடிப்பதற்கும் உள்ள வேற்றுமை என்று விவசாயிகளுக்குச் சொல்லலாம். வேர் பிடித்த நாற்றை மழை அடித்துக்கொண்டு போகாது.

ஆனால் நட்ட நாற்று எல்லாமே வேர் பிடிப்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ரியாக்டிவ் சாயம் பஞ்சோடு இணையும் அதே வேளையில் தண்ணீரோடும் இணைகிறது. தண்ணீரோடு இணைந்துவிட்ட சாயம் மறுபடி பஞ்சோடு இணையும் ஆற்றலை இழந்துவிடுகிறது. பார்வைக்கு அதே சிவப்பு. இருப்பதும் அதே துணியில். ஆனால் பிடிப்பு இல்லை. இப்படிப் பதியாமல் எஞ்சும் சாயம் ஐந்தில் ஒரு பங்கு இருக்கலாம். அதற்கு மேலும் இருப்பதுண்டு. பட்டறையிலேயே அதை வெளியேற்றிவிட வேண்டும். அங்கே வெளியேற்றாவிட்டால், வாங்கியவர் வீட்டு வாளியில் அது வெளியேறும். நமது மகளிர் குழுவுக்கு நேர்ந்தது அதுதான்.

இனி முறையைச் சற்று விவரமாகப் பார்ப்போம். அச்சுக்கு முன்பு செய்ய வேண்டியதில்தான் முதற்குறை புகுகிறது. தறியிலிருந்து இறங்கும் காடா துணியில் பாவுக்கு ஏற்றிய கஞ்சி இருக்கிறது. பஞ்சுக்கே உரிய மெழுகுப் பசையும் இருக்கிறது. இவை போகாமல் அச்சிட்டால் மை மேலேயே நின்றுவிடும், அல்லது திட்டுத் திட்டாக இறங்கும். கஞ்சி நீக்கி, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, நன்றாக அலசிய துணியே அச்சுக்குத் தகுந்தது. இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். துணியை விறைப்பாகப் பிடித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஐந்து விநாடிக்குள் உறிஞ்சினால் சரி. துளி முத்துப் போல் உருண்டு நின்றால் அந்தத் துணியைத் திருப்பி அனுப்பிவிடலாம். துணியின் நடுவிலும் இரு ஓரங்களிலும் இதைச் செய்து பார்க்க வேண்டும். ஓரத்தில் ஒரு விதமாகவும் நடுவில் ஒரு விதமாகவும் இருப்பது சாதாரணம். வெளுக்கப் பயன்படுத்திய பெராக்சைடு துணியில் மிச்சம் இருந்தால் அது சாயத்தையே கெடுக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, முன்பூச்சு. ஸ்கிரீன் அச்சில் சாயம், சோடா, கூழ் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வைத்துக்கொள்வார்கள். டிஜிட்டல் எந்திரத்தின் மையில் அவ்வாறு சோடாவைக் கலக்க முடியாது. கலந்தால் சாயம் குப்பிக்குள்ளேயே தண்ணீரோடு இணைந்து வீணாகிவிடும். ஆகவே சோடாவையும், மை பரவாமல் தடுக்கும் கூழையும், யூரியாவையும் துணியில் முன்கூட்டியே ஏற்றி, உலர்த்தி, பின்புதான் எந்திரத்தில் ஏற்றுகிறார்கள். கூழாகப் பயன்படும் சோடியம் ஆல்ஜினேட் பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. நமது மன்னார் வளைகுடாக் கரையிலும் அப்பாசி கிடைக்கிறது. யூரியாவின் வேலை, ஆவியில் இருக்கும் ஈரத்தைப் பிடித்து நிறுத்திச் சாயம் கரைந்து இழைக்குள் செல்ல உதவுவது. முன்பூச்சு ஒரே சீராக இல்லையென்றால் நிறமும் சீராக இராது. முன்பூச்சிட்ட துணியை ஈரக் காற்றுப் பட வாரக்கணக்கில் போட்டு வைத்தாலும் பயன் குன்றும்.

யூரியா என்றவுடன் முன்வரிசையில் சில முகங்கள் மலர்வதைக் காண்கிறோம். ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வயலுக்கு என்று மானிய விலையில் தரப்படும் உரத்தை வேறு தொழிலுக்குப் பயன்படுத்துவது, 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி குற்றம். அச்சுத் தொழிலுக்குத் தொழில்துறை யூரியாவையே வாங்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்து மூட்டை பட்டறைக்குப் போனால் சங்கத் தலைவரும் சேர்ந்து பதில் சொல்ல நேரிடும்.

மூன்றாவது, ஆவி. அச்சிட்டு உலர்ந்த துணியை ஏறத்தாழ 102 டிகிரி சென்டிகிரேடு ஈர ஆவியில் எட்டு முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். பிணைப்பு நிகழ்வது இங்கேதான். ஆவி உலர்ந்ததாக இருந்தாலும், நேரம் குறைந்தாலும், சாயத்தின் பெரும்பகுதி பிணையாமல் நின்றுவிடும். ஆவி குளிர்ந்து நீராகச் சொட்டினாலோ பூவின் விளிம்பு கசிந்துவிடும். இட்லிப் பானையின் மூடியிலிருந்து நீர் சொட்டி இட்லி குழைவதைத் தாய்மார்கள் கண்டிருப்பார்கள்.

நான்காவது அலசல். இதைப் பற்றிச் சற்று நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் பணம் மிச்சப்படுத்த விரும்புகிறவர் யாரும் முதலில் கை வைப்பது இதில்தான். முதலில் குளிர்ந்த தண்ணீரில், ஓடவிட்டு, அலச வேண்டும். சோடாவும் கூழும் மேலாக இருக்கும் சாயமும் இதில் போகும். இவை போகுமுன்பே வெந்நீரில் போட்டால், கரைந்த சிவப்பு வெள்ளைப் பூவில் ஏறி உட்கார்ந்துவிடும். பின்பு வெந்நீர். அதன் பிறகு, கொதிநிலைக்குச் சற்றுக் குறைவாக, ஏறக்குறைய 90 முதல் 95 டிகிரியில், தகுந்த சோப்புக் கரைசலில் ஓட்ட வேண்டும். இழைக்குள் நுழைந்து, ஆனால் பிணையாமல், ஒளிந்திருக்கும் சாயம் இந்தச் சூட்டில்தான் வெளியே வரும். வெதுவெதுப்பான நீருக்கு அது அசையாது. வெளியேறும் நீர் தெளியும் வரையில் இதைத் திருப்பிச் செய்து, கடைசியில் குளிர்ந்த நீரில் முடிக்க வேண்டும். கரு நீலம், சிவப்பு, கறுப்பு ஆகிய அடர்ந்த நிறங்களுக்கு ஒரு தடவை போதவே போதாது.

தண்ணீரின் குணமும் முக்கியம். நமது ஆழ்துளைக் கிணறுகளில் பல உப்புத் தண்ணீர் தருபவை. சோப்பு நுரைப்பதில்லை, பருப்பு வேகுவதில்லை. அந்தத் தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சாயத்தையும் சோப்பையும் பிடித்துக்கொண்டு துணியிலேயே படிந்துவிடுகின்றன. எவ்வளவு அலசினாலும் துணி சுத்தமாவதில்லை. ஆகவே அலசத் தொடங்குமுன் தண்ணீரைச் சோதித்து, வேண்டுமானால் மென்மையாக்கும் சாதனம் வைக்க வேண்டும். இந்தச் செலவும் எங்கள் பழைய திட்ட அறிக்கையில் இல்லை.

திரும்பி வந்த கவுன்களை நாங்கள் ஒரு பெரியவரிடம் காட்டினோம். சாயப்பட்டறையில் வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர். ஒரு கவுனின் மடிப்பை வெட்டி, வெள்ளைத் துணித்துண்டு ஒன்றோடு சேர்த்துத் தைத்து, கொதிக்கும் சோப்பு நீரில் போட்டார். தண்ணீர் இரத்தம் போல் ஆயிற்று. அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் செய்தார், சிவப்பு குறைந்தது. நான்காம் முறை தண்ணீர் தெளிந்தது. பிறகு அதே துண்டைப் புது வெள்ளைத் துணியோடு போட்டுத் துவைத்தார், கறை ஏறவில்லை. துண்டில் சிவப்பு அப்படியே இருந்தது. "ஆவி சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள், அலசலில் வஞ்சனை செய்துவிட்டார்கள்" என்றார். விசாரித்ததில் இரண்டு தடவை பச்சைத் தண்ணீரில் மட்டும் முக்கி எடுத்து, அதன் மேல் சாயம் பிடிக்கும் மருந்து ஒன்றைக் கொடுத்து அனுப்பியது தெரிந்தது. பட்டறைக்காரர்கள் அதைப் பிக்ஸர் என்பார்கள். அலசி முடித்த துணிக்குக் கூடுதல் காப்பாக அம்மருந்து பயன்படும். அலசாத துணியில் அது குப்பையைப் பாயால் மூடுவது போன்றது. இரண்டு சலவையில் பாய் விலகிவிடும். சில நிறங்களில் வெயில் தாங்கும் சக்தியையும் அது குறைத்துவிடுகிறது.

சாயத்தின் கெட்டித்தன்மையை அளக்க உலகெங்கும் ஒப்புக்கொண்ட முறைகள் இருக்கின்றன. சலவை, உராய்வு, வியர்வை ஆகியவற்றுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். 5 மிக நன்று. வெயிலுக்கு 1 முதல் 8 வரை. உராய்வுச் சோதனையில் ஒரு சிறு எந்திர விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றி, அச்சின்மேல் பத்து முறை முன்னும் பின்னும் தேய்க்கிறார்கள். உலர்ந்த துணியால் ஒரு முறை, ஈரத் துணியால் ஒரு முறை. வெள்ளையில் ஏறிய கறையைச் சாம்பல் நிற அளவுகோலோடு ஒப்பிட்டு மதிப்பெண் இடுவார்கள். வாங்குவோர் சலவைக்குப் பொதுவாக 4 கேட்கிறார்கள். அடர்ந்த நிறங்கள் ஈர உராய்வில் 3 பெறுவதே கடினம். அதை ஆர்டர் எடுக்கும்போதே எழுதி ஒப்புக்கொள்வது நல்லது. இச்சோதனைகளைக் கோயம்புத்தூரில் 1956-இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவில் செய்துகொள்ளலாம். மத்திய அரசின் ஜவுளிக் குழுவுக்குத் திருப்பூரில் ஆய்வுக்கூடம் இருக்கிறது. முந்நூறு கவுன் தைக்குமுன் ஒரு முழத் துணியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தால், அந்தச் செலவு திரும்பி வந்த மூட்டையின் வண்டி வாடகைக்குக்கூட ஈடாகியிராது.

இதுவரை சொன்னது ரியாக்டிவ் சாயம். பைகளில் அச்சிட விரும்பும் முதற்குழு கேட்டிருப்பது வேறு வகை. அதில் பிக்மென்ட் மை பயன்படுகிறது. இது இழையோடு இணைவதில்லை. வண்ணப் பொடியை ஒரு பசை துணியின்மேல் ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. அச்சிட்ட பின் ஏறத்தாழ 150 அல்லது 160 டிகிரிச் சூட்டில், மை செய்பவர் குறித்த நேரம், அழுத்தி வைத்தால் பசை இறுகிவிடும். ஆவியும் வேண்டாம்; அலசலும் வேண்டாம். வெயிலுக்கு நன்றாகத் தாங்கும். ஈர உராய்வுக்குத்தான் சற்றுப் பலவீனம். சூடு குறைந்தாலும் நேரம் குறைந்தாலும் பசை அரைவேக்காடாக நின்று, மூன்றாம் சலவையில் படம் உதிரத் தொடங்கும். அழுத்தும் எந்திரத்தின் முகப்பில் தெரியும் எண்ணை நம்பிவிடக் கூடாது. தட்டின் மூலைகளில் சூடு குறைவாக இருப்பதுண்டு. ஆகவே மூலையில் அச்சான பையைத்தான் சோதனைக்கு எடுக்க வேண்டும்.

நமது மாநிலத்தில் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. ஆகவே துணிப் பைக்குத் தேவை இருக்கிறது. பையை வாரம் ஒரு முறை துவைப்பாரும் அரிது. அதற்குப் பிக்மென்ட் மை போதுமானதே. மஞ்சள் துணியில் நீலம் அச்சிட்டால் பச்சையாகத் தெரியும் என்பதால் அடியில் வெள்ளை மை கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வெள்ளைக்கு முன்பூச்சும் வேண்டும், மைச் செலவும் கூடும். மஞ்சளுக்கு ஏற்ற கறுப்பையோ அடர் சிவப்பையோ தேர்ந்தெடுத்தால் இச்செலவு மிச்சம்.

எந்திரம் விற்க வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பளபளக்கும் துணியில் அச்சிட்டுக் காட்டி, சுடு தண்ணீரில் முக்கிக் காட்டி, சாயமே போகாது என்பார்கள். அது பெரும்பாலும் பாலியஸ்டர் துணி. சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கி ஏற்றும் அந்த முறை பாலியஸ்டருக்கே உரியது. பருத்தியில் அது நிற்காது. வேறு சிலர் படத்தைப் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு, பசைப் பொடி தூவி, துணியில் சூட்டால் ஒட்டுவார்கள். அது பருத்தியிலும் ஒட்டும்; ஆனால் துணியின்மேல் ஒரு தோல் போல் நிற்கும், காற்றுப் புகாது, சிறு படங்களுக்கே ஏற்றது. நமது காடா துணியை நாமே எடுத்துச் சென்று, அதில் அச்சிட்டுக் காட்டச் சொல்வதே முறை.

வீட்டில் துவைப்பவருக்கும் சிறிது பொறுப்பு உண்டு. புதுத் துணியை உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்னும் நம்பிக்கை நம் வீடுகளில் இருக்கிறது. பிணையாத ரியாக்டிவ் சாயத்தை உப்பு பிணைக்காது; பிக்மென்டையும் ஒட்டாது. முதல் சலவையைத் தனியாகச் செய்து, உட்புறத்தை வெளியே திருப்பி, நிழலில் உலர்த்தினால் போதும்.

இனி, விவசாயிகள் பொறுமையோடு காத்திருக்கும் விஷயத்துக்கு வருகிறோம்.

நன்றாக அலசினால் சாயம் நிற்கும் என்றோம். அலசிய தண்ணீர் எங்கே போகும்? டிஜிட்டல் அச்சு தண்ணீர் வேண்டாத தொழில் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஸ்கிரீன் கழுவும் நீரும் வீணாகும் சாயக் கூழும் இதில் இல்லை என்பது மெய். ஆனால் ரியாக்டிவ் சாயம் உள்ளவரையில் அலசும் நீர் உண்டு. அதில் பிணையாத சாயம் மட்டுமல்ல, சோடா இருக்கிறது, கூழ் இருக்கிறது, யூரியா முழுவதும் கரைந்து இருக்கிறது. நிறத்தை நீக்கிவிட்டால் நீர் சுத்தமாகிவிட்டதென்று கொள்ளக் கூடாது. நிறமில்லாத அந்த நீரும் உப்பேறிய நீரே. யூரியா பயிருக்கு நல்லதுதானே என்று சென்ற கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். அளவில்லாமலும், சோடாவோடு சேர்ந்தும் வரும் யூரியா பயிருக்கு உணவன்று. சோடா தேங்கிய மண் களர் ஆகிவிடும்.

நொய்யல் கரையில் நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நீர் ஆண்டுக்கணக்கில் அந்த ஆற்றில் விடப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாயிற்று. கீழே இருந்த நிலங்களின் கிணறுகள் கெட்டன. விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவு நீரை வெளியே விடாமல் முழுவதும் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தாத பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்குக் குறையாத பட்டறைகள் மூடப்பட்டன. அவற்றை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் தவித்தன. நிலமும் போய், வேலையும் போன அந்த ஆண்டின் துன்பம் இரு தரப்பாருக்கும் பொதுவாக இருந்தது.

இரண்டாவது மனுவில் குறித்திருக்கும் ஓடை, கீழே உள்ள ஏரிக்குப் போகிறது. அந்த ஏரியைச் சுற்றிப் பாசனக் கிணறுகள் இருக்கின்றன. பஞ்சாயத்தின் குடிநீர்க் கிணறும் அதன் கரையில்தான் இருக்கிறது. மனுக் கொடுத்த பெண்கள் இதைக் கேட்டு வருந்துவார்கள் என்று அறிவோம். குறைந்த அளவுதானே, நாளுக்கு நூறு மீட்டர்தானே என்று அவர்கள் சொல்வதும் நியாயமாகத் தோன்றலாம். ஆனால் நன்றாக அலசினால் ஓடை கெடும். ஓடைக்கு அஞ்சி அலசலைக் குறைத்தால் துணி கெடும். இரண்டையும் காப்பாற்றும் சுத்திகரிப்புச் சாதனம் ஒரு குழு தாங்கக்கூடிய செலவில் அடங்காது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் அத்தகைய தொழிலைத் தொடங்கவும் இயலாது. பஞ்சாயத்துத் தீர்மானம் அந்த இசைவுக்கு மாற்றாகாது. ஆகவே அம்மனுவை இப்போதுள்ள வடிவில் நாங்கள் பரிந்துரைக்கப் போவதில்லை. இதைக் கடிதத்தில் எழுதாமல், அவர்கள் முன்னிலையிலேயே கூறுவது முறை என்று கருதினோம்.

அதே குழு மூன்றாவது மனுவின் வழியில் வரலாம். ரியாக்டிவ் அச்சையும் அலசலையும், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த பட்டறையில் கூலிக்கு முடித்துக்கொண்டு, வெட்டும் தையலும் ஊரில் செய்யலாம். அதற்கு மேல் கூலி கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள். எத்தனை முறை, எந்தச் சூட்டில் அலச வேண்டும், எந்த மதிப்பெண் வர வேண்டும் என்பதைக் கூலிச் சீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும். அந்தச் சீட்டுக்கு ஒரு மாதிரிப் படிவம் தயாரித்திருக்கிறோம். விரிவாக்க அலுவலரிடம் கிடைக்கும். பைகளில் அச்சிடும் முதல் மனுவுக்கு நாங்கள் கேட்பது இரண்டு: நமது துணியில் அச்சிட்ட பையின் சோதனை அறிக்கை, மை போத்தல்களையும் எந்திரம் கழுவும் சிறிதளவு நீரையும் எங்கே சேர்ப்பார்கள் என்னும் விவரம்.

மூட்டை திரும்பி வந்த குழுவைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். திரும்பிய கவுன்களில் கறை ஏறாதவற்றைப் பிரித்தெடுத்து, சுத்திகரிப்பு வசதியுள்ள பட்டறை ஒன்றில் பணம் கொடுத்து மறுபடியும் அலசினார்கள். பாதிக்குச் சற்று மேல் தேறிற்று. அவற்றைக் குறைந்த விலைக்கு விற்றார்கள். நகைகளில் ஒரு பங்கு இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. இந்தப் பொங்கலுக்கு அதே கடைக்காரரிடமிருந்து நூறு உருப்படிக்கு ஆர்டர் வந்திருக்கிறது. இம்முறை சோதனைக்கு அனுப்பிய துணியின் அறிக்கை வந்த பிறகே கத்தரி போட்டார்கள். வெள்ளை மல்லிகை உள்ள துண்டு அந்தத் துணியிலிருந்து வெட்டியது.

மேசைமேல் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வெள்ளைக் கைக்குட்டைகளும் வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் பின், துணித்துண்டுகள் கடைசி வரிசையிலிருந்து திரும்பி வந்ததும், விருப்பமுள்ளவர்கள் கைக்குட்டையை நனைத்துத் தாங்களே தேய்த்துப் பார்க்கலாம். மனுதாரர்கள் மூவரும் அதன் பிறகு எங்கள் அறைக்கு வர வேண்டுகிறோம்.